பிரேசர் என்ற பெயர் வந்த வழி

மகன்,

நான் எழுதும் எந்தக் கடிதத்தையும் ஒரு வேத வசனத்தோடு தொடங்குகிறவள் என்று உனக்குத் தெரியும். நீ ஓகூஸ் நகரத்துக்குப் படிக்கப் போன முதல் கிழமை உன் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்த துண்டுக் கடதாசியில்கூட வசனம் இருந்தது. இன்றைக்கு ஒரு வசனத்தை எடுத்துத் தலைப்பில் போட எனக்குத் துணிவு வரவில்லை. முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு வசனம் எழுதத் தகுதி மிஞ்சினால் எழுதுகிறேன். இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. நீ வாசித்து முடித்ததும் ஷாமினிக்குக் கொடு. ஷாமினி தன் தாய் தகப்பனுக்குக் கொடுத்தாலும் சரி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீ படித்தது இதற்குப் போதும். அவசரப்படாமல் மெல்ல வாசி.

போன செவ்வாய்க்கிழமை ஷாமினியின் அம்மா ஹொல்ஸ்டெப்ரோ நகரத்திலிருந்து தொலைபேசி எடுத்தார். உங்கள் இரண்டு பேருடைய கலியாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது, அட்டை அடிக்கக் கொடுக்க வேண்டும் என்று கதைத்துக்கொண்டு வந்தவர், நடுவில் சாதாரணமாகக் கேட்டார்: "பெடியனுக்குத் தாய்மாமன் ஆர்? அவரின்ரை பேரும் போடவேணுமெல்லோ." தேவாலயத்தில் நடக்கிற கலியாணம் என்றாலும் மாமனுக்கு உரிய இடத்தை எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை என்று சொன்னேன். "ஐயோ பாவம்" என்றார். ஆறுதலும் சொன்னார். தொலைபேசியை வைத்தேன். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், மகன். அவன் உயிரோடு இருக்கிறான். அவனுடைய பெயர் பிரேசர்.

உன் பெயரின் கதையை நீ நூறு தரம் கேட்டிருக்கிறாய். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த மிஷனரி பிரேசர் ஐயா. வெள்ளைத் தாடி, வெள்ளைக் குதிரை. உன் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். காய்ச்சல்காரரின் வீடுகளுக்கு இரவு பகல் பாராமல் போனவர். தேவாலயத்தில் உன் விசுவாசத்தைத் திடப்படுத்திய கொன்பர்மேஷன் நாளில் அப்பா அதைச் சொல்ல, போதகர் கண்ணைத் துடைத்தார். நீ ஆறாம் வகுப்பில் அந்தக் குதிரையைப் படமாகக் கீறிக்கொண்டுபோய் வகுப்புக்கு முன்னால் நின்று பேசினாய். அப்படி ஒரு மிஷனரி இருக்கவில்லை. தாடியும் இல்லை, குதிரையும் இல்லை. குதிரையை நான் பிறகுதான் சேர்த்தேன். உனக்கு நாலு வயதாக இருந்தபோது நீ குதிரைமேல் ஆசைப்பட்டாய். உன் தாத்தா சாகும்வரை மாரியம்மனைக் கும்பிட்டவர்.

உண்மையான வழி இதுதான். இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு மலையில் காட்டை வெட்டித் தேயிலை போட்ட ஒரு வெள்ளைக்காரத் துரையின் குடும்பப் பெயர் பிரேசர். அவரைப் பார்த்த ஒருவரும் என் காலத்தில் உயிரோடு இல்லை. அவர் கப்பலேறிப் போன பிறகும் பெயர் மலையில் ஒட்டிக்கொண்டது. பிரேசர் தோட்டம், பிரேசர் பாலம், பிரேசர் பள்ளிக்கூடம். அவருடைய நாய்க்கு அங்கே ஒரு கல்லறை இருந்தது, எழுத்து வெட்டிய கல்லோடு. காட்டை வெட்டும்போது செத்த எங்கள் ஆட்களுக்குக் கல் இல்லை. நான் பிறந்தது அந்தத் தோட்டத்துக் கூலிக்காரரின் வரிசை வீடான லயத்தில், மகன். யாழ்ப்பாணத்தில் இல்லை. என் அப்பாவும் அம்மாவும் கொழுந்துக் கூடையும் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியுமாக வாழ்ந்தவர்கள்.

இங்கே ஹேர்னிங் நூலகத்தில் ஒருநாள் அகராதியும் கையுமாக இருந்து அந்தப் பெயரைத் தேடினேன். ஸ்கொட்லாந்தில் அது ஒரு பெரிய குலத்தின் பெயராம். அவர்களுடைய சின்னத்தில் ஸ்ட்ரோபெரிப் பூ இருக்கிறதாம். கனடாவில் ஒரு ஆற்றுக்கு அந்தப் பெயர், மலாயாவில் ஒரு மலைக்கு. இப்போது அந்த நாடுகளில் பையன்களுக்கு முதற்பெயராகவும் வைக்கிறார்களாம். டென்மார்க்குக்கு வந்த முதல் கோடையில் நானும் உன் அப்பாவும் குனிந்து குனிந்து ஸ்ட்ரோபெரி பிடுங்கியதை நினைத்துச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பெயர் எங்கள் லயத்துக்குள் எப்படி வந்தது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைச் சொல்ல நானும் என் தம்பியும்தான் மிச்சம்.

தம்பி பிறந்தபோது எனக்கு ஐந்து வயது. முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று, தோட்டத்து ஆட்களில் இத்தனை பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, இத்தனை பேரை இங்கே வைத்திருப்பது என்று இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் பங்கு பிரித்த காலம் அது. இங்கே இருப்பதென்றால் இங்கே பிறந்ததைக் காட்டக் காகிதம் வேண்டும். என் அப்பாவுடைய காகிதம் ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகிக் கூழாகிப் போயிருந்தது. தம்பி பிறந்ததும் அவர் தோட்டத்து ஆபீசுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பெயர் பிரேசர் என்று எழுதச் சொன்னார். எழுதுகிற ஐயா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாராம், தொரை பேரா ஒன் மவனுக்கு என்று. "தொரை பேரு இல்லீங்க ஐயா, எங்க தோட்டத்துப் பேரு" என்றார் அப்பா. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன்: "காயிதத்த மழ நனைக்கும், எலி திங்கும். பேர யாரு திங்கிறது? இவன் எங்க பொறந்தான்னு இனி ஒருத்தன் கேக்க வேணாம்." ஒரு குடும்பத்தின் பெயர் மலைக்குப் போய், மலையிலிருந்து ஒரு கூலிக்காரனின் பிள்ளைக்கு வந்த வழி இது. இதைவிட மதிப்பான கதை எந்த மிஷனரியிடம் இருந்திருக்கும்? இதை நான் மறைத்தேன்.

எழுபத்தேழில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தபோது லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். நாங்கள் வன்னிக்கு ஓடினோம், கிளிநொச்சிக்கு அங்காலே, எங்களைப் போல மலையிலிருந்து வந்தவர்கள் காடு வெட்டிக் குடியிருந்த இடத்துக்கு. அங்கிருந்து என்னை யாழ்ப்பாணத்தில் ஒரு போதகர் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டில்தான் வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானாக எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினேன், ஞானஸ்நானம் எடுத்தேன், புதிய பெயரும் எடுத்தேன். அந்த வீட்டுக்கு வந்து போன உறவுக்காரப் பெடியன் உன் அப்பா. வேலைக்காரப் பிள்ளையைக் கட்டுவேன் என்று நின்றவர்; அதற்காகத் தன் வீட்டு வாசலை மிதிக்காமலே தேசம் பல கடந்து என்னோடு இங்கே வந்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. விமானத்தில் அவர் சொன்னார்: "இனி நீ யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒருத்தரும் தோண்டப் போறேல்லை." தோட்டத்திலிருந்து வந்தவள் என்று தெரிந்தால் யாழ்ப்பாணத்துச் சனம் என்னைக் கீழாகப் பார்க்கும் என்று அன்போடு சொன்னதுதான். நான் எங்கள் மலைநாட்டு "ஆமா" சொல்லவந்து, யாழ்ப்பாணத்து "ஓம்" சொன்னேன். அதற்குப் பிறகு இருபத்து நாலு வருடம் என் வாயில் "ஆமா" வந்ததில்லை. தம்பி இரண்டு கடிதம் எழுதினான். இங்கே நாங்கள் இருந்த அகதி முகாமில் தபாலைப் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். உறையின் பின்பக்கத்தில் அவன் ஊர் பெயரை யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து மூன்றாவது கடிதம் வராதபடி பதில் எழுதாமல் விட்டேன்.

நீ பிறந்ததும் உன்னைக் கையில் வாங்கியபோது அவனுடைய மூக்கும் நாடியும் அப்படியே இருந்தன. அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று அழுதேன்; அப்பா சம்மதித்தார். இந்த நாட்டில் பிள்ளையின் பெயரைத் தேவாலய அலுவலகத்தில்தான் பதிய வேண்டும். அங்கே இருந்த பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது குடும்பப் பெயரல்லவா, முதற்பெயராக வைக்கக் காரணம் வேண்டுமே என்றாள். பிறகு நல்ல மனதோடுதான் கேட்டாள்: உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்தப் பெயர் உண்டா? ஓம், என் தம்பிக்கு உண்டு என்று சொல்லியிருந்தால் அவள் எழுதி முடித்திருப்பாள். ஆனால் எனக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு வந்த யாழ்ப்பாணத்து அண்ணை இருந்தார். தமிழ்ச் சனத்தில் பிரேசர் என்று தம்பியா, எந்த ஊர், எப்படி வந்த பெயர் என்று அவர் கேட்பார். ஒரு கிழமைக்குள் பக்கத்து ஊர் பிராண்டே வரைக்கும் போய்விடும். என் தகப்பனாருக்கு ஞானஸ்நானம் கொடுத்த மிஷனரியின் பெயர் என்றேன். அண்ணை அதை டேனிஷில் இன்னும் வடிவாக்கிச் சொன்னார் போல. அந்தப் பெண் எழுந்து எனக்குக் கை தந்தாள். சிலுவை மாட்டியிருந்த அறையில், உன்னை மடியில் வைத்துக்கொண்டு சொன்ன பொய் அது. உனக்கு ஒரு புத்தி சொல்வதென்றால் இதைச் சொல்வேன்: பொய் சொல்லிவிட்டால் அதை அலங்கரிக்காதே. அவலட்சணமான பொய்யை ஒருநாள் தூக்கி எறிந்துவிடலாம். வடிவான பொய்யைப் பிள்ளைகள் படமாகக் கீறி வைத்துக்கொள்வார்கள்.

இந்த வருடம் வன்னியில் கடைசிச் சண்டை நடந்த தை மாதத்திலிருந்து வைகாசி வரைக்கும் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் வன்னிக்குள் அகப்பட்ட தங்கள் உறவுகளின் பெயரைத் தந்தார்கள். எழுதி வைக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள், நான் ஒழுங்காகக் கணக்கு வைக்கிறவள் என்று. கோடு போட்ட கொப்பியில் பெயர், வயது, கடைசியாகக் கதைத்த நாள், கடைசியாக இருந்த இடம். நாற்பத்தொரு பெயர். ஒவ்வொரு வெள்ளியும் நான் எழுந்து நின்று ஒன்று விடாமல் வாசிப்பேன், எல்லோரும் முழங்காலில் நின்று அழுவார்கள். நானும் அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் தம்பியின் பெயரை நான் அந்தக் கொப்பியில் எழுதவில்லை. எழுதினால் அவன் குடியிருந்த இடத்தையும் எழுத வேண்டும். அந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மனதுக்குள் ஜெபித்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மற்றவர்களின் பிள்ளைகளுக்காகச் சத்தமாகவும் என் இரத்தத்துக்காகக் களவாகவும் ஜெபித்தவள் உன் தாய்.

சண்டை முடிந்து மூன்றாவது ஞாயிறு. ஆராதனைக்குப் பிறகு கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நீயும் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தாய், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். ஜெபக்கூட்டத்துக்கு வருகிற றெஜினா அக்கா ஒரு கட்டுக் கடதாசியோடு வந்தார். வன்னியிலிருந்து தப்பியவர்களை அடைத்துவைத்த முட்கம்பி முகாமில் இருப்பவர்கள் வெளிநாட்டில் தங்கள் ஆட்களைத் தேடுகிற பட்டியல், யாரோ அனுப்பியது. ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்தவர் நிறுத்திச் சொன்னார்: "இஞ்சை பாருங்கோ, உங்கடை மகன்ரை பேர். பிரேசர், வயது நாப்பத்து நாலு. தமக்கை டென்மார்க்கிலயாம்." தமக்கையின் பெயர் என்ற இடத்தில் என் பழைய பெயர் இருந்தது. அந்த அறையில் அதை அறிந்தவர்கள் இருவர்தான். மற்றவர், உன் அப்பா, கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ பின்னாலிருந்து, உது தோட்டக்காட்டான் பேராக்கும், அவங்கள்தான் துரைமாற்றை பேரெல்லாம் வைக்கிறவங்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ தலையை நிமிர்த்தி, "அம்மா, எங்கடை மிஷனரி அங்கையும் போனவரோ?" என்றாய். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மகன். சிரித்துக்கொண்டு சொன்னேன்: "அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது." சேவல் ஒன்றும் கூவவில்லை. கோப்பி மெஷின்தான் கடகடவென்று சத்தம் போட்டது. பேதுரு சேவல் கூவுமுன் ஒரே இரவில் இயேசுவை மூன்று தரம் மறுதலித்தார். எனக்கு அதற்கு இருபத்து நாலு வருடம் எடுத்தது; மூன்றாவது தரம் போன செவ்வாய்க்கிழமை, ஷாமினியின் அம்மாவிடம்.

அந்தப் பக்கத்தைக் கொப்பிக்குள் வைக்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். அடியில் ஒரு கைத்தொலைபேசி எண் இருந்தது, முகாமுக்குள் வேறு யாரோ ஒருவருடையது. எண்ணை அழுத்த எனக்குப் பதினாறு நாள் எடுத்தது. அப்பா வேலைக்குப் போன ஒரு காலையில் எடுத்தேன். யாரோ ஓடிப்போய்க் கூட்டிவந்தார்கள். "யாருங்க?" என்றான். நான் என் பழைய பெயரைச் சொன்னேன்.

"அக்காவா? யாழ்ப்பாணத்து அம்மா மாதிரி பேசுற."

பிறகு தன் மனைவியைப் பற்றிச் சொன்னான். அவன் கலியாணம் செய்ததே எனக்குத் தெரியாது. கடைசிக் கிழமைகளில், கடற்கரையில், கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்ததாம். பாத்திரம் மட்டும் அப்படியே கிடந்ததாம். அழாமல் சொன்னான். எந்த நாள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றான், மாதத்தையும் தேதியையும் சொன்னான். தொலைபேசியைக் காதில் வைத்தபடியே கொப்பியைப் புரட்டினேன். அந்த வெள்ளிக்கு என் கையெழுத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது: யார் ஜெபத்தை நடத்தியது, எந்தச் சங்கீதம், எத்தனை பேர் வந்தது, நாற்பத்தொரு பெயர் வாசித்தது. அவளுடைய பெயர் அதில் இல்லை. அவளுக்கு என்ன பெயர் என்று நான் அன்றைக்குத்தான் கேட்டேன். செல்லம்மா.

அவன் உன்னைப் பற்றிக் கேட்டான். ஒரு பையன் என்றேன். பேரு என்ன என்றான். சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

"என் பேரையா வச்ச?"

"ஆமா" என்றேன். அந்தச் சொல் அப்படியே வந்துவிட்டது.

அவன் சிரித்தான். "அடப்பாவி. அந்தப் பேரால நான் பட்டது போதாதுன்னு டென்மார்க்குக்கும் அனுப்பிட்டியா?" முகாமில் பதிகிறபோது ஒரு அதிகாரி, எங்கே பிறந்தாய் என்று கேட்டானாம். என் பேரைப் படிங்க ஐயா, அதுலயே இருக்கு என்றானாம் இவன். அதிகாரிக்கு விளங்கவில்லை, பின்னால் நின்ற ஒரு கிழவருக்கு விளங்கி, நீ பிரேசர் தோட்டத்துப் புள்ளையா என்று கட்டிப்பிடித்தாராம். "அப்பா சொன்னது ஒரு தடவையாச்சும் பலிச்சிருச்சுக்கா" என்றான். வைப்பதற்கு முன்னால் மெல்லச் சொன்னான், எப்பவாச்சும் கூப்பிடு, ஒனக்குத் தொந்தரவுன்னா வேணாம் என்று. அவனுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. இத்தனை வருடம் நான் ஏன் எழுதவில்லை என்று அவன் கேட்கவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அப்பாவிடம் சொன்னேன். கலியாணம் முடியட்டும், பிறகு சொல்லுவம் என்றார். ஷாமினி வீட்டார் ஊர் விசாரிக்கிறவர்கள். அவளுடைய தகப்பன் எங்கள் பக்கத்தை எத்தனை பேரிடம் கேட்டிருப்பார் என்று உனக்கே தெரியும். இது தெரிந்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. மண்டபம் பிடித்தாயிற்று. உனக்கு அவள்மேல் எவ்வளவு விருப்பம் என்று நான் கண்ணால் பார்க்கிறேன். நான் வாய் திறந்தால் அது முறியக்கூடும். அந்தப் பயம் சின்னப் பயமில்லை. ஆனால் அப்பாவின் "பிறகு" என்ற சொல்லுக்குள்தான் நான் இருபத்து நாலு வருடம் குடியிருந்தேன், மகன். கலியாணத்துக்குப் பிறகு சொன்னால் அவளையும் ஏமாற்றிக் கூட்டிவந்ததாக ஆகிவிடும். உன் வீட்டுக்கு வருகிற பிள்ளை உன் உண்மையான பெயரைக் கட்டிக்கொண்டு வரட்டும். அல்லது தெரிந்தே விட்டுவிட்டுப் போகட்டும். அவளிடம் இன்றைக்கே சொல். அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் முழுவதையும் சொல்லி முடி.

உனக்குக் கோபம் வரும். வந்தால் திட்டு. குதிரைக் கதையைச் சொன்ன வாயால் எப்படி எனக்குப் பொய் சொல்லாதே என்று அடித்தாய் என்று கேள்; ஏழு வயதில் ஒரு பென்சிலுக்காக உன்னை அடித்தேன், அது எனக்கு மறக்கவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் எனக்கு மன்னிப்புத் தருவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு தொலைபேசி எடு. எண்ணைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உன் தமிழைக் கேட்டு அவன் சிரிப்பான், சிரிக்கட்டும். மாமா என்று கூப்பிடு. கலியாணத்துக்கு அவனால் வர முடியாது, முட்கம்பிக்குள் இருக்கிறான். ஆனால் அட்டையில் வரலாம். ஷாமினியின் அம்மாவுக்கு நாளைக்கு நானே தொலைபேசி எடுத்து, தாய்மாமன் இருக்கிறார், எழுதிக்கொள்ளுங்கோ என்று பெயரைச் சொல்லப்போகிறேன். ஊரைக் கேட்டால் ஊரையும் சொல்வேன். அதனால்தான் இன்றைக்கே இதை உன்னிடம் தருகிறேன். என் வாயிலிருந்து முதலில் கேட்க வேண்டியவன் நீ.

கொப்பியில் நாற்பத்தொன்றுக்குக் கீழே இரண்டு வரி எழுதியிருக்கிறேன். செல்லம்மா, இறந்த நாள். பிரேசர், வயது நாற்பத்து நாலு, என் தம்பி, பிரேசர் தோட்டத்தில் பிறந்தவன். சண்டை முடிந்த பிறகும் நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் கூடுகிறோம். இன்னும் தகவல் வராதவர்கள் இருக்கிறார்கள். இந்த வெள்ளியும் ஆறு மணிக்கு நான் எழுந்து நின்று வாசிப்பேன். றெஜினா அக்கா இருப்பார், பின்னாலிருந்து பகிடி விட்டவரும் இருப்பார். நாற்பத்தொன்றோடு நிறுத்தமாட்டேன். வசனம் ஒன்றும் இன்னும் எனக்கு வரவில்லை. நீ வந்தால் முன்னுக்கு இரு, எனக்குத் தெரிகிற மாதிரி. வராவிட்டாலும் நான் வாசிப்பேன்.

அம்மா